வேனிலும் வினைஞரும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாக வகுத்த நம் முன்னோர் அவற்றுள் இரண்டினை வேனிற்கே ஈந்தனர். சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். பாலைத்திணைக்குரிய பெரும்பொழுது வேனில் என்றும், சிறுபொழுது நண்பகல் என்றும் தொல்காப்பியர் கூறினார். வேனிலும் நண்பகலும் ஒருங்கு கூடிய வேளை பிரிவுத் துன்பத்திற்கு உரியதென ஆசிரியர் கண்டமை எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை, மின்விசிறியின் கீழ் அமர்ந்து அகத்திணையியல் பயின்றஞான்று யாம் உணர்ந்திலேம். அதனை எமக்கு உணர்த்தியது சென்ற ஆண்டு மே திங்களில் யாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றாம்.

எம் விடுதிக்கு எதிரே ஒரு பெருங்கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. கத்தரி வெயில் காலம். பிற்பகல் இரண்டு மணி. சாந்துச்சட்டி சுமந்து சாரத்தின்மீது ஏறிய சித்தாள் ஒருத்தி பொருந்தாச் சொற்களைப் பேசத் தொடங்கி, சட்டியோடு சாய்ந்தாள். பலர் கூடி நின்றனர். செய்வது இன்னதென்று ஒருவரும் அறிந்திலர். முதியவள் ஒருத்தி மட்டும் ஓடிவந்து, அவளை நிழலில் கிடத்திக் குடத்து நீரை உடல் முழுதும் ஊற்றி, முந்தானையால் விசிறினாள். பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், உயிர் பிழைத்தாள். உடனிருந்தோரை வினவியபோது மூன்று செய்திகள் வெளிப்பட்டன. அவள் வேலைக்கு வந்து அன்று இரண்டாம் நாள். காலைமுதல் அவள் தண்ணீர் அருந்தவில்லை, என்னை? பெண்டிர் ஒதுங்குதற்கு அங்கே இடமில்லை. அவள் வீழ்ந்த பின்னைப் பொழுதிற்குரிய அரைநாட் கூலியும் பிடிக்கப்பட்டது. இம்மூன்றும் எம் உள்ளத்தை விட்டு அகலாமையின், வெயிலில் உழைப்போரைக் காக்கும் வகைகளை ஆராயப் புகுந்தோம். அவ்வாராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

முதற்கண், வெப்பம் உடலை வருத்துமாற்றை அறிதல் வேண்டும். மானிட உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். இவ்வளவினின்றும் மிகுதியாக ஏறினும் இறங்கினும் உயிர்க்கு இடுக்கண் உண்டாம். உடலை வெம்மையாக்குவது வெயில் ஒன்றே அன்று. உழைக்கும் தசைகள் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாகவே மாறுகின்றது. ஆகவே மண் சுமப்பவன் புறத்தே ஒரு கதிரவனையும் அகத்தே ஓர் அடுப்பினையும் உடையனாகின்றான். இவ்விரு வெம்மையையும் தணிப்பதற்கு இயற்கை அமைத்த கருவி வியர்வை. ஆயினும் வியர்வை வழிந்து வீழ்தலால் மட்டும் பயனில்லை. அது ஆவியாக மாறும்போதே உடலின் வெம்மையைக் கொண்டு செல்லும். காற்றில் ஈரம் மிக்கிருப்பின் வியர்வை உலர்வதில்லை. உலராதவழி உடல் தணிவதில்லை. உள்வெப்பம் 40 பாகையை எட்டி, அறிவு தடுமாறுமாயின் அதுவே வெப்பவாதம் எனப்படும் உயிர்க்கொல்லி. அச்சித்தாள் பேசிய பொருந்தாச் சொற்களே அதன் முதல் அறிகுறி.

ஆதலின் வெறும் வெப்பமானி காட்டும் எண்ணைக்கொண்டு வெயிலின் கொடுமையை அளத்தல் சாலாது. இவ்வுண்மையைக் கருதி, அமெரிக்கப் போர்வீரர் பயிற்சிக் களங்களில் நேர்ந்த வெப்ப நோய்களை ஆராய்ந்த யாக்லூ, மினார்டு என்னும் அறிஞர் இருவர் 1957ஆம் ஆண்டில் ஓர் அளவையை வெளியிட்டனர். அதனை ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்று கூறலாம். ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவில் பத்தில் ஏழு பங்கு, கரிய கோளத்துள் வைத்த வெப்பமானியின் அளவில் பத்தில் இரண்டு பங்கு, நிழலில் வைத்த வெப்பமானியின் அளவில் பத்தில் ஒரு பங்கு ஆகிய மூன்றின் கூட்டுத்தொகையே அது.

எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்குவாம். உள்நாட்டூர் ஒன்றில் நிழல் வெப்பம் 40, ஈரக்குமிழ் 24, கருங்கோளம் 50 எனக் கொள்க. கூட்டுத்தொகை 16.8, 10, 4 ஆக 30.8 பாகை. கடற்கரையூர் ஒன்றில் நிழல் வெப்பம் 34, ஈரக்குமிழ் 29, கருங்கோளம் 45 எனக் கொள்க. கூட்டுத்தொகை 20.3, 9, 3.4 ஆக 32.7 பாகை. முன்னையூரில் வெயில் நாற்பதைத் தொட்டதென்று செய்தித்தாள் அலறும். பின்னையூரில் முப்பத்துநான்கே என்று மக்கள் ஆறுதலடைவர். உழைப்பவன் உடலுக்கோ பின்னையதே கொடிது. தூத்துக்குடி உப்பளத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் பாடுபடுவோர் இக்கணக்கினை எழுத்தால் அறியார், உடலால் அறிவர்.

இனிக் காக்கும் முறைகளை நோக்குவாம். இவை மேல்நாட்டார் நமக்குப் புதியனவாகக் கற்பித்தவை அல்ல. வழிநடப்போர்க்கு நம் முன்னோர் மூன்று அறங்களைச் செய்தனர். தண்ணீர்ப்பந்தர் வைத்தனர், சாலையோரம் நிழல்மரம் நட்டனர், சுமையை இறக்கி இளைப்பாறச் சுமைதாங்கிக் கல் நாட்டினர். அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்த வரலாறு பெரியபுராணம் பயின்றோர் அறிவர். தண்ணீர், நிழல், ஓய்வு என்னும் இம்மூன்றுமே இற்றைநாள் மருத்துவ நூலார் தொழிற்களத்திற்கு வேண்டுவனவாகக் கூறுவன. வழிப்போக்கனுக்கு அன்று அறமாக அளித்ததை, உழைப்பாளிக்கு இன்று கடமையாக அளித்தல் வேண்டும் என்பதே யாம் வற்புறுத்தும் கருத்து.

தண்ணீர்: விடாய் தோன்றிய பின்னர் அருந்துதல் காலந் தாழ்த்ததாகும். வெயிலில் உழைப்போர் கால்மணி அல்லது இருபது நிமிடத்திற்கு ஒருமுறை ஒரு குவளை அருந்துதல் வேண்டும். ஆயினும் மணிக்கு ஒன்றரை லிட்டரை விஞ்சலாகாது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகின்றது. ஆங்கில நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை வருத்திய தசைப்பிடிப்பிற்கு உப்பின் இழப்பே காரணமென்று மாஸ் என்பவர் 1923இல் காட்டினார். நம் உழவர் உப்பிட்ட நீராகாரத்தையும் நீர்மோரையும் வயலுக்குக் கொண்டு சென்றமை பழக்கத்தால் வந்த மருத்துவம் எனலாம். பானையை வேலை நடக்குமிடத்தில் வைத்தல் வேண்டும். இரண்டு பர்லாங்குக்கு அப்பால் வைத்தால் அது கண்ணுக்கு அன்றி வாய்க்கு உதவாது. எல்லாவற்றினும் மேலாக, பெண்டிர்க்குக் கழிப்பிடம் இல்லாத இடத்தில் தண்ணீர் இருந்தும் இல்லாததே ஆம். கழிப்பிடமும் தண்ணீர் ஏற்பாட்டின் ஓர் உறுப்பென்று கொள்ளாதார் பாதி வேலையே செய்தாராவர்.

நிழல்: வெளியில் உழைப்போர்க்குக் கீற்றுப்பந்தரோ துணிப்பந்தரோ அருகில் வேண்டும். கூரையின்கீழ் உழைப்போர்க்கும் நிழல் உண்டென்று நாம் எண்ணுதல் பிழை. தகரக் கூரையே ஓர் அடுப்பாகும்; வார்ப்படச் சாலையிலும் சமையற்கூடத்திலும் அடுப்பு உள்ளேயே எரிகின்றது; நூல் அறாதிருத்தற்பொருட்டு ஆலைகளில் காற்றை ஈரமாக்குவர். இத்தகைய இடங்களில் கூரைக்கு வெண்சுண்ணம் பூசுதல், வெப்பக்காற்று வெளியேற மேற்சாளரம் அமைத்தல், உலைக்கும் ஆளுக்கும் இடையே தட்டி நிறுத்துதல் முதலியன பொருட்செலவு சிறிதாய்ப் பயன் பெரிதாவன.

ஓய்வு: இதுவே எளிதில் கிட்டாதது. தண்ணீருக்குச் செலவு சிறிது, நிழலுக்கும் சிறிது, ஓய்விற்கோ நேரம் கொடுத்தல் வேண்டும். நேரம் முதலாளிக்குப் பொன். துண்டுக்கூலி பெறும் தொழிலாளிக்கு அது சோறு. ஆதலின் கூலி குறையாத ஓய்வே ஓய்வு. கூலி குறையும் ஓய்வினை ஏழை தானே மறுத்துவிடுவான். இவ்வுண்மை பண்டே உணரப்பட்டது. 1918 ஏப்ரல் 27இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தார் முன்வைத்த குறைகளுள் நண்பகல் உணவிற்கு விடும் நேரம் போதாமையும் ஒன்று. தமிழ் மாணவராகிய எமக்கு அதில் ஒரு பெருமையும் உண்டு. அச்சங்கத்திற்கு உழைத்தவர்களுள் தமிழ்ப் பெரியார் திரு. வி. கலியாணசுந்தரனார் தலையாயவர்.

இம்மூன்றோடு நான்காவது ஒன்றும் உண்டு. அஃது உடலைப் பழக்குதல். வெயிலில் உழைக்கும் உடல் ஏழு முதல் பதினான்கு நாட்களில் பதமடைந்து, விரைவிலும் மிகுதியாகவும் வியர்க்கக் கற்கின்றது. பதமடையுமுன் முழுப்பாரம் ஏற்றுதலே பெருந்தீங்கு. ஆதலின் புதிதாக வந்தவர்க்கு முதல்நாள் வெயில் வேலையில் ஐந்தில் ஒரு பங்கே தந்து, நாடோறும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுக என்பது அறிஞர் விதி. எட்டு மணி வேலையாயின் முதல்நாள் ஒன்றரை மணிக்குச் சிறிது மிகும். இரண்டாம் நாளில் முழுப்பொழுதும் சாந்து சுமந்த அச்சித்தாளை ஈண்டு நினைந்து பார்மின்.

பிறநாட்டார் இவற்றைச் சட்டமாக்கியுள்ளனர். கலிபோர்னியாவில் உழவுத்தொழிலாளர் சிலர் வெயிலால் மாண்டதன் பின்னர் 2005இல் தண்ணீரும் நிழலும் ஓய்வும் கட்டாயமாயின. கத்தார் நாட்டில் 2021இல் பிறந்த ஆணைப்படி, ஜூன் முதல்நாள் தொடங்கிச் செப்டம்பர் 15 வரை காலை 10 மணிமுதல் பிற்பகல் மூன்றரை மணிவரை வெயிலில் வேலை செய்வித்தல் கூடாது. மேற்சொன்ன கோள வெப்பநிலை 32.1 பாகையைக் கடந்தால் எப்பொழுதாயினும் வேலை நிற்றல் வேண்டும். சிங்கப்பூரில் 2023 முதல் அவ்வளவு 32 பாகையை எட்டினால் கடும்வேலை செய்வோர்க்கு மணிதோறும் பத்து நிமிடமேனும் நிழலில் ஓய்வு தருகின்றனர். இவ்விரு நாடுகளிலும் செங்கல் சுமப்போருள் நம் தமிழ்மக்கள் பலர் என்பது கருதத்தக்கது. நாம் மேலே கணக்கிட்ட கடற்கரையூரின் 32.7 பாகையில் கத்தாரிலாயின் வேலை நின்றிருக்கும். சிங்கப்பூரிலாயின் ஓய்வு கிடைத்திருக்கும்.

நம் நாட்டின் நிலை யாது? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்தையும், 250 பேர்க்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் வேனிற்காலத்தே குளிர்ந்த குடிநீரையும் விதித்தது. சிறுபட்டறையும் வயலும் கட்டிடவேலையும் அவ்வெல்லைக்குப் புறம்பாயின. கேரள நாட்டில் ஆண்டுதோறும் கோடையில் நண்பகல் ஓய்வு குறித்துத் தொழில்துறையார் ஆணையிடுகின்றனர். தமிழ்நாட்டில் 2021இல் கடைகளில் நின்றே உழைப்போர்க்கு இருக்கை தரவேண்டுமென்று சட்டம் திருத்தப்பட்டது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அரசு அறிவித்து, அதனால் மாண்டார் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் வழங்க வகை செய்தது. இவை போற்றத்தக்கனவே. ஆயினும் மாண்டபின் வரும் பொருளினும் மாளாமற் காக்கும் பானைத் தண்ணீர் பெரிதன்றோ?

இங்ஙனமெல்லாம் செய்தால் வேலை கெடும் என்பார் உளர். அற்றன்று. கோள வெப்பநிலை 20 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் உழைப்பின் விளைவு நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு குறைகின்றதென உலக நலவாழ்வு நிறுவனமும் உலக வானிலை நிறுவனமும் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஓய்வு கொடாதவழி வெயில் தானே அதனை எடுத்துக்கொள்ளும். நிகராகுவா நாட்டுக் கரும்பு வயல்களில் இளைஞர் பலர் சிறுநீரகம் கெட்டு மடிந்தனர். ஆங்கு ஓராலையில் தண்ணீரும் நிழலும் ஓய்வும் முறைப்படுத்தியபின் அக்கேடு குறைந்ததைக் கண்டனர். நம் நாட்டிலேயே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆராய்ச்சி நிறுவனத்தார் 800 கருவுற்ற பெண்டிரை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, கடும்வெப்பத்தில் உழைப்பார்க்குக் கருச்சிதைவு முதலிய இடர்கள் ஏறத்தாழ இருமடங்காகும். எனவே இஃது ஒரு தலைமுறையோடு ஒழியும் துன்பமும் அன்று.

இறுதியாக ஒன்று கூறுவாம். வெயிலில் வீழ்ந்தார் பிதற்றுவாராயினும் அறிவிழந்தாராயினும் முதலிற் குளிர்வித்து, அதன்பின்னரே கொண்டு செல்க என்பது மருத்துவர் முடிபு. நிழலிற் கிடத்தி, ஆடை தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுக. 108க்குச் செய்தி விடுக. அறிவிழந்தார் வாயில் நீர் ஊற்றற்க. எழுத்தறியா அம்முதியவள் இவற்றைச் செய்தாள். சாளரத்தில் நின்று நோக்கிய யாம், நூல் பல கற்றும், செய்யாதொழிந்தோம். அந்நாணமே எம்மை எழுதுவித்தது.

அக்கட்டிடம் இப்பொழுது முடிந்துவிட்டது. பிற்பகலில் அதன் நிழல் எம் விடுதிச் சாளரத்தில் வீழ்கின்றது. நாங்கள் அதில் இனிதிருந்து பயில்கின்றோம். அடுத்த வேனில் அண்மையில் உளது. நம் தெருவிலும் நம் ஊரிலும் சாந்தும் செங்கலும் சுமப்போர் வருவர். மாணவ நண்பர்காள்! பெரியன செய்யும் அதிகாரம் நமக்கில்லை. ஒரு பானை வைத்தல் இயலும். கழிப்பிடத்தின் கதவைத் திறந்துவிடுதல் இயலும். வேலையைக் காலை ஆறுமணிக்குத் தொடங்கி நண்பகலில் நிறுத்துமாறு மேஸ்திரியிடம் எடுத்துரைத்தலும் இயலும். நாளை நம்முள் சிலர் அலுவலராகவும் முதலாளிகளாகவும் ஆகக்கூடும். அன்று இவற்றை மறவாதிருப்பேமாயின், நாம் கற்ற கல்விக்கும் ஒரு பயன் உண்டு.