முள்ளந்தண்டு அடிபட்ட பின் இன்னொருவருக்குக் கைகொடுக்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கிராம்பு பறிக்க ஏறிய மரம், கித்துள் மரம், வளைவில் கவிழ்ந்த த்ரீவீல். கண்டிப் பக்கம் முள்ளந்தண்டு அடிபட இவ்வளவு போதும். ஆஸ்பத்திரி வாசம் முடிந்து, உடம்பு ஓரளவு ஒரு நிலைக்கு வந்ததும், ‘இனி என்னால் யாருக்கு என்ன பயன்?’ என்ற கேள்வி வரும். நம்மைப் போல் விழுந்த இன்னொருவருக்கு உதவலாமே என்று தோன்றுவதும் அப்போதுதான். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அந்த ஆர்வத்திலேயே உடம்பைக் கெடுத்துக்கொண்டு மறுபடி வார்டுக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

செய்ய வேண்டியவை

• காலையில் முதல் வேலையாகத் தோலைப் பாருங்கள். பிட்டம், இடுப்பு, குதிகால் மூன்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சிவந்த இடம் விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையா, அன்றைய பயணத்தை நிறுத்துங்கள். படுக்கைப்புண் வந்தால் மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும்.

• ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். திகன புனர்வாழ்வு வைத்தியசாலையிலோ உங்கள் ஊரிலோ புதிதாக அடிபட்ட ஒருவர் இருப்பார். வார்டு என்றால் மிஸ்ஸிடமோ பிசியோவிடமோ முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். ஆறுதல் சொல்ல ஊரே வரும். கட்டிலிலிருந்து வீல்செயாருக்கு மாறுவது எப்படி, மலம் கழிக்க நேரம் பழக்குவது எப்படி, லயத்துப் படியில் என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் நீங்கள்தான் சொல்ல முடியும்.

• தமிழும் சிங்களமும் தெரிந்தால் இரண்டையும் பயன்படுத்துங்கள். கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களிலிருந்து வருபவருக்குக் கதீட்டர் சுத்தத்தைச் சிங்களத்தில் விளக்கினால், விளங்காவிட்டாலும் தலையாட்டிவிட்டுப் போவார். வீட்டில் பிழையாகச் செய்தால் கிருமி சிறுநீரகம் வரை போகும். தமிழில் ஒருமுறை சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

• காகித வேலையில் உதவுங்கள். மருத்துவ அறிக்கை, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் கடிதம் எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து ஒரே ஃபைலில் போடச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் மறுபடி பஸ் ஏற வேண்டும்.

• சட்டத்தைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். வலது குறைந்தோர் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இலிருந்து இருக்கிறது. அது காகிதத்திலேயே கிடந்தபோது உயர் நீதிமன்றத்துக்குப் போனவர் அஜித் சி. எஸ். பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் காரின் மேல் மரம் விழுந்ததில் நடக்க முடியாமல் போனவர். 2011இல் நீதிமன்ற உத்தரவு வந்தது. வங்கியிலோ கடையிலோ படி மட்டும் இருந்தால் முகாமையாளரிடம் இந்த ஆண்டுகளைச் சொல்லிக் கேளுங்கள். குரலை உயர்த்தத் தேவையே இருக்காது.

• துணை சேருங்கள். போரில் முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்கள் மாங்குளத்தில் ‘உயிரிழை’ அமைப்பைத் தாங்களே நடத்துகிறார்கள். தமிழ்நாட்டு ஆய்க்குடியில், கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். இராமகிருஷ்ணன் 1981இல் சில பிள்ளைகளோடு அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருக்கும் தோள்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள்.

செய்யக்கூடாதவை

• ‘நீங்கள் நடப்பீர்கள்’ என்று சொல்லாதீர்கள். ‘நடக்கவே மாட்டீர்கள்’ என்றும் சொல்லாதீர்கள். முள்ளந்தண்டுவடம் முழுதாகப் பாதிக்கப்பட்டதா, பாதியா என்பதைப் பொறுத்தது அது. முதல் வாரங்களில் டொக்டர்களே பொறுத்துப் பார்ப்பார்கள்.

• உங்கள் மருந்தை அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். அடிபட்ட இடம் வேறு, அளவும் வேறு.

• நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென்று தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் வியர்த்தால், பெனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கலாம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடையைத் தளர்த்துங்கள், கதீட்டர் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். உதவி செய்யப் போகும் எவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

• த்ரீவீலில் அசையாமல் உட்காராதீர்கள். கெட்டம்பே நெரிசலில் எவ்வளவு நேரம் போகும் என்று யாருக்கும் தெரியாது. கால்மணிக்கு ஒருமுறை கையூன்றி எழும்பி இறங்குங்கள். முடியாவிட்டால் பக்கவாட்டில் சாயுங்கள்.

• டொய்லட்டுக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகாதீர்கள். கிருமித் தொற்றும் கல்லும் வரும். போகிற இடத்தில் வீல்செயார் நுழையும் டொய்லட் உண்டா என்று முன்னரே போனில் கேளுங்கள்.

• குளிருக்குச் சுடுதண்ணிப் போத்தலைக் காலில் வைக்க விடாதீர்கள். உணர்வு இல்லாத கால் வெந்தாலும் தெரியாது.

• அளவெடுக்காத வீல்செயாரை வாங்கிக் கொடுக்காதீர்கள். மேடை, மாலை, போட்டோ எல்லாம் நன்றாக நடக்கும். அகலம் பொருந்தாத நாற்காலி மட்டும் புண்ணைக் கொடுக்கும். அப்படிப்பட்ட மேடைக்கு உங்களை அழைத்தால், பிசியோ பார்த்து அளவெடுத்தாரா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

• சாக வேண்டும் என்று சொல்பவரைத் தனியாகத் தாங்கப் பார்க்காதீர்கள். கேளுங்கள், கூடவே இருங்கள், ஆனால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அன்றே அழையுங்கள். இரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

• வீட்டாரைக் கேட்காமல் யாருக்கும் நாள் குறித்துக் கொடுக்காதீர்கள். மடவளைப் பக்கத்து ஏற்றத்தில் நாற்காலியைத் தள்ளுவதும், படியில் உங்களைத் தூக்குவதும் உங்கள் மனைவியோ தம்பியோதான். அவர்கள் முதுகுக்கும் ஓய்வுநாள் வேண்டும்; அந்த நாளைக் கலண்டரில் குறித்துவிட்டு மற்ற நாட்களில் போங்கள்.