பழைய மஸ்கட்டுக்குப் பணம் கொடுக்கும் முன்

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத் துப்பாக்கிகளின் நகல்களைக் கொண்டு நடக்கும் கருமருந்துப் போட்டிகளில் சேர விரும்புகிறவர்கள் பெரும்பாலும் செகண்ட்ஹேண்ட் துப்பாக்கியைத்தான் தேடுகிறார்கள். நல்ல யோசனைதான். பல ஆண்டுகள் சுட்டுப் பழகியவர்கள் பராமரித்து வைத்த துப்பாக்கி, கடையில் புதிதாக வாங்குவதைவிடச் சிறப்பாகவே இருக்கலாம். ஆனால் குறி தப்பாமல் சுடுகிற துப்பாக்கியையும் போட்டிக் களத்தில் அனுமதிக்காமல் போகலாம். அதனால் அனுமதி எதைப் பார்த்துத் தரப்படுகிறது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் போட்டிகளை நடத்தும் நார்த்-சவுத் ஸ்கிர்மிஷ் அசோசியேஷன் 1950ல் தொடங்கியது. வர்ஜீனியாவில் வின்செஸ்டருக்கு அருகே உள்ள ஃபோர்ட் ஷெனாண்டோவாதான் அதன் தாய்க்களம். அந்தக் காலப் படைப்பிரிவுகளின் பெயரையும் சீருடையையும் தாங்கிய அணிகள், களிமண் தட்டுகளையும் ஓடுகளையும் நேரத்தோடு போட்டியிட்டு உடைக்கின்றன. சிப்பாய் ஏந்திய துப்பாக்கியையே நாமும் ஏந்த வேண்டும் என்பது இந்த விளையாட்டின் உயிர். அதைக் காப்பது ஸ்மால் ஆர்ம்ஸ் கமிட்டி. துப்பாக்கி பாதுகாப்பானதா, அந்தக் காலப் படைத் துப்பாக்கியின் வடிவில் இருக்கிறதா என்ற இரண்டைத்தான் கமிட்டி பார்க்கும். எவ்வளவு நன்றாகச் சுடுகிறது என்பது அதன் கவலை அல்ல.

உள்ளே மருந்து இருக்கிறதா?

விற்பவர் யாராக இருந்தாலும் முதல் வேலை இதுதான். கெட்டிக்கும் கம்பியைக் குழலுக்குள் அடிவரை இறக்கி, குழல்வாய்க்கு நேராக அதில் ஓர் அடையாளம் இடுங்கள். பிறகு கம்பியை வெளியே எடுத்து, அடையாளம் குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலின் மேல் கிடத்திப் பாருங்கள். கம்பியின் நுனி கேப்பு பொருத்தும் நிப்பிள் அருகே வர வேண்டும். சில அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். அதைச் சுட்டு வெளியேற்ற முயலாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். கருமருந்து ஈரமில்லாமல் இருந்தால் எத்தனை ஆண்டு கழித்தும் வெடிக்கும்.

எந்த மாடலின் நகல்?

"சிவில் வார் மஸ்கட்" என்ற பொதுப்பெயர் போதாது. 1861 ஸ்பிரிங்ஃபீல்டுக்கு 40 அங்குலக் குழல், .58 காலிபர், மூன்று வளையங்கள். பின்குறியில் 300, 500 கஜத்துக்கு இரண்டு மடிப்புத் தகடுகள். 1853 என்ஃபீல்டுக்கு 39 அங்குலக் குழல், .577 காலிபர், ஏணி வடிவப் பின்குறி. இந்தியாவில் 1857 கிளர்ச்சிக்குத் தீ மூட்டிய கொழுப்புத் தோட்டா இந்த என்ஃபீல்டுக்கானதுதான். 1858 மாடல் இரண்டு வளைய என்ஃபீல்டுக்குக் குழல் 33 அங்குலம்; இங்கிலாந்தின் பார்க்கர்-ஹேல் செய்த அதன் நகல்களைப் போட்டியாளர்கள் இன்றும் விரும்பித் தேடுகிறார்கள்.

அளவு நாடா கொண்டு குழலை அளந்து பாருங்கள். வளையங்களை எண்ணுங்கள். ஒரு மாடலின் கட்டையில் இன்னொரு மாடலின் குழலோ சுத்தியலோ ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். 1861 மாடலில் நிப்பிளுக்குக் கீழே துப்புரவுத் திருகு உண்டு. 1863ல் அதை எடுத்துவிட்டார்கள், சுத்தியலின் வடிவத்தையும் மாற்றினார்கள். இரண்டும் கலந்த துப்பாக்கி பார்க்க அழகாக இருக்கலாம்; ஆனால் எந்தப் படையும் ஏந்தாத துப்பாக்கி அது.

முந்தைய சொந்தக்காரரின் கைவேலை

அனுமதி மறுக்கப்படுவது பெரும்பாலும் இங்கேதான். வேட்டைக்கோ வேறு வகைப் போட்டிக்கோ பயன்படுத்தியவர்கள் குழலைக் குட்டையாக வெட்டியிருப்பார்கள். துளைக்குறியோ நவீனப் பின்குறியோ பொருத்தியிருப்பார்கள். கன்னம் வைக்க வசதியாகக் கட்டையைச் செதுக்கியிருப்பார்கள். வார் கோக்கும் வளையங்களைக் கழற்றி எறிந்திருப்பார்கள். குறியைச் சரிசெய்ய முன்குறியின் உயரத்தை மாற்றலாம். அதன் வடிவம் மாறக்கூடாது. வெளியே தெரியாதபடி குழலுக்கும் கட்டைக்கும் நடுவே பிசின் இட்டு இறுக்குவதும், தேய்ந்த குழலுக்குள் புதிய உட்குழல் செருகுவதும் வழக்கத்தில் உள்ளவை. கண்ணுக்குத் தெரியும் மாற்றமே பெரும் தடை. கழற்றிய அசல் உறுப்புகள் இருக்கின்றனவா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் அவற்றையும் சேர்த்தே விலை பேசுங்கள். வெட்டிய குழலை மட்டும் திரும்ப ஒட்ட முடியாது. அப்படிப்பட்ட துப்பாக்கியை விட்டுவிடுங்கள்.

பாதுகாப்புச் சோதனை

சுத்தியலைப் பாதி உயர்த்தி நிறுத்தி விசையை அழுத்துங்கள். சுத்தியல் அசையவே கூடாது. முழுதாக உயர்த்திய நிலையில், லேசாகத் தட்டினாலே விழுகிற அளவுக்கு விசை இளகியிருந்தால் உள்ளே பற்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சிறு விளக்கை உள்ளே விட்டுக் குழலின் அடிப்பகுதியைப் பாருங்கள்; ஈரத்துணியால் சரியாகத் துடைக்காத துப்பாக்கியை அங்கேதான் துரு அரிக்கும். நிப்பிளின் துளை அகன்றிருந்தால் மாற்றிவிடலாம், செலவு குறைவு. பூட்டைச் சுற்றியும் கைப்பிடியின் கழுத்திலும் கட்டை விரிசல் விட்டிருந்தால் அது பெரிய குறை.

சான்று அட்டை

அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சாலை நகல் மாற்றமின்றி இருந்தால் வேலை எளிது. உதிரி உறுப்புகளைச் சேர்த்து ஒருவர் தனியாகச் செய்த துப்பாக்கியாக இருந்தால், கமிட்டி அதைச் சோதித்துத் தந்த அட்டையைக் கேளுங்கள். அட்டையில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். அட்டை பெற்ற பிறகு துப்பாக்கியில் ஏதாவது மாற்றினார்களா என்றும் விசாரியுங்கள். மாற்றியிருந்தால் பழைய அட்டையை நம்ப முடியாது. அட்டையே இல்லையென்றால், அனுமதி கிடைக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக எழுதி வாங்குங்கள். நேர்மையாக விற்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

ஒரு சங்கத்தின் அனுமதி இன்னொன்றுக்குச் செல்லாது. உலக அளவில் போட்டி நடத்தும் எம்.எல்.ஏ.ஐ.சி.யின் முறையே வேறு: 30 நிமிடத்தில் 13 முறை சுட்டு, சிறந்த 10 மட்டும் கணக்கில் வரும். அங்கே போக ஆசை இருந்தால் அதன் விதிகளையும் தனியே படியுங்கள். அமெரிக்காவில் இவ்வகைத் துப்பாக்கிகளுக்கு மத்திய அரசின் சட்டம் தளர்வாக இருந்தாலும், மாநிலச் சட்டங்கள் வேறுபடும்.

அனுமதி கிடைத்த பிறகு

.58 என்று எழுதியிருந்தாலும் குழலுக்குக் குழல் அளவு மாறும். உள்விட்டத்தை அளந்து, அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு சிறியதாக, மென்மையான தூய ஈயத்தில் குண்டு வார்த்துக்கொள்ளுங்கள். மினியே எனப்படும் இந்தக் குண்டின் அடிப்பள்ளம் வெடிப்பின் அழுத்தத்தில் விரிந்து மரையைப் பற்ற வேண்டும்; கடின ஈயம் விரியாது. படையில் போட்ட மருந்து 60 கிரெய்ன். போட்டிக்கு அதைவிடக் குறைவான மருந்தில் தொடங்குங்கள். புகையில்லா மருந்தை ஒருபோதும் போடாதீர்கள். குழல் வெடித்துச் சிதறும்.

ஒரு வேண்டுகோள். அரமும் திருப்புளியும் எடுப்பதற்கு முன் உங்கள் வட்டாரத்தில் உள்ள கமிட்டிப் பிரதிநிதியிடம் துப்பாக்கியைக் காட்டுங்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று அவர் நேரில் பார்த்துச் சொல்வார். தேய்த்த இரும்பும் செதுக்கிய மரமும் திரும்பி வராது. கேள்வி கேட்கச் செலவு எதுவும் இல்லை.