இணையதள மென்பொருளைப் புதுப்பித்தல்: செலவும் பயனும்

2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் தேதியன்று ‘வானாக்ரை’ என்னும் பெயருடைய தீய மென்பொருள் ஒன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. அது புகுந்த கணினிகளில் இருந்த கோப்புகள் யாவும் எவராலும் படிக்க இயலாத மறைகுறிகளாக மாறிவிட்டன. அவற்றைத் திரும்பப் பெற 300 டாலர் கப்பம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு மட்டுமே திரையில் தோன்றிற்று. அடுத்த சில தினங்களுக்குள் கேரள மாநிலத்திலும் அதன் தாக்குதல் உணரப்பட்டது. வயநாடு மாவட்டத்தில் தரியோடு ஊராட்சி அலுவலகமும், தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் அடங்கும். பாலக்காட்டில் ஊழியர் நிர்வாகம், கணக்கு ஆகிய பிரிவுகளைச் சேர்ந்த இருபதுக்கு மேற்பட்ட கணினிகள் செயலற்றுப் போயின. ரயில்களின் போக்குவரத்துக்கு இடையூறு நேரவில்லை.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், வானாக்ரை நுழைந்த வழியை அடைப்பதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதம் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு 59 நாட்களுக்கு முன்பே பரிகாரம் கிடைத்துவிட்டது. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளுக்கு அது விலையின்றியே வழங்கப்பட்டது. அதனை ஏற்று நிறுவிய கணினிகளுக்கு அவ்வழியாகத் தீங்கு நேரவில்லை; நிறுவாதவை அகப்பட்டுக்கொண்டன.

மேற்கூறிய சம்பவம் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பற்றியது. ஆயினும் அலுவலகங்களும், பள்ளிகளும், கூட்டுறவுச் சங்கங்களும் நடத்தும் இணையதளங்களுக்கு அடியில் இயங்கும் மென்பொருளுக்கும் இதே நியதி பொருந்தும். கணினியைப் பயன்படுத்துபவரின் கண்ணெதிரே ‘அப்டேட்’ அறிவிப்பு அடிக்கடி தோன்றுகிறது. இணையதளத்திலோ அது நிர்வாகியின் திரையில் மட்டுமே தெரியும். நிர்வாகி அத்திரையைத் திறந்து பல மாதங்கள் ஆகியிருக்கலாம். ஆகவே இங்கு அபாயம் சற்று அதிகம் என்றே கொள்ள வேண்டும்.

உள்ளடக்க நிர்வாக மென்பொருள்

தொடக்க காலத்தில் இணையதளத்தின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாகக் கையால் எழுதப்பட்டது. ஓர் அறிவிப்பை மாற்ற வேண்டுமானால் அதற்குரிய குறியீட்டு மொழியை அறிந்த ஒருவரின் உதவி தேவைப்பட்டது. இந்த இடர்ப்பாட்டை நீக்க எழுந்ததே உள்ளடக்க நிர்வாக மென்பொருள். அலுவலக எழுத்தர் ஒரு படிவத்தில் அறிவிப்பைத் தட்டச்சு செய்கிறார். மென்பொருள் அதனைத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது. வாசகர் கேட்கும்போது பக்கமாகத் தொகுத்து அனுப்புகிறது. 2001-இல் வெளிவந்த துருபல், 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ், 2005-இல் வெளிவந்த ஜூம்லா ஆகியவை இவ்வகையில் புகழ் பெற்றவை. மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை.

இத்தகைய தளம் ஒரே மென்பொருளால் ஆனது அன்று. நடுவில் மூல மென்பொருள் உள்ளது. அதன்மேல் புகைப்படத் தொகுப்பு, விண்ணப்பப் படிவம், பக்க எண்ணிக்கை போன்ற பணிகளுக்காகச் சேர்க்கப்படும் ‘பிளகின்’ எனும் துணை மென்பொருள்கள் அமைகின்றன. இவற்றை வெவ்வேறு நாடுகளில் வாழும் வெவ்வேறு நபர்கள் எழுதியிருப்பர். சிலர் எழுதிய பின்னர் அப்பணியைக் கைவிட்டும் இருப்பர். எல்லாவற்றுக்கும் கீழே பி.எச்.பி. என்ற நிரல் மொழியும், தரவுத்தளமும், சர்வர் கணினியும் உள்ளன. எந்த அடுக்கில் ஓட்டை இருந்தாலும் தளம் முழுவதும் பிறர் கைக்குப் போகக் கூடும்.

ஓட்டை என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது நன்று. இடுக்கி மாவட்டத்திலுள்ள பெரியாற்று அணை 1895-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1979-க்குப் பின்னர் அதன் உச்சியில் கான்கிரீட் இட்டும், எஃகுக் கம்பி வடங்களால் பிணைத்தும், பின்புறம் கான்கிரீட் அணைவு கொடுத்தும் பலப்படுத்தினர். அணையில் கசியும் நீரை அளந்து பார்க்கலாம். சுண்ணாம்புச் சாந்து கரைவது காலத்தின் செயல். மென்பொருள் அவ்விதம் தேய்வதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலில் ஓர் எழுத்தும் கரைந்திராது. அதிலுள்ள குறை எழுதிய அன்றே இருந்தது. அதைப் பற்றிய அறிவு மட்டுமே புதிதாக வருகிறது. ‘தளம் நன்றாகத்தானே நடக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும்?’ என்று கேட்பவர் அணையைப் பார்ப்பதுபோல் மென்பொருளைப் பார்க்கிறார். கசிவு கண்ணுக்குத் தெரியும் என்று அவர் காத்திருக்கிறார்.

பரிகாரமே பகைவனுக்கு வழிகாட்டுதல்

திருத்தம் வெளியாகும்போது பழைய நிரலும் புதிய நிரலும் எல்லோர்க்கும் கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால் எந்த வரி மாற்றப்பட்டது என்பது தெரியும். அதிலிருந்து குறை எங்கே இருந்தது என்பதும் தெரியும். ஆகவே திருத்தம் வெளியான கணத்திலிருந்து, அதை ஏற்காத தளங்கள் முன்னைக் காட்டிலும் அதிக அபாயத்தில் நிற்கின்றன.

2014-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி துருபல் 7-இல் காணப்பட்ட பெருங்குறை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிடப்பட்டது. தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளைக்குள் அயலார் தம் கட்டளையைப் புகுத்தக் கூடிய குறை அது. இரு வாரங்கள் கழித்து, அக்டோபர் 29-இல், துருபல் பாதுகாப்புக் குழுவினர் ஒரு கடுமையான அறிவிப்பைச் செய்தனர். திருத்தம் வெளியான ஏழு மணி நேரத்துக்குள் அதனை ஏற்காத ஒவ்வொரு தளமும் கைப்பற்றப்பட்டுவிட்டதாகவே கருதிச் செயற்பட வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஏழு மணி நேரம் சர்வதேச நேரப்படி மாலை 4 மணி முதல் இரவு 11 மணி வரை. இந்திய நேரப்படி அது இரவு 9.30 முதல் விடியற்காலை 4.30 வரை ஆகும். பாலக்காட்டிலோ மூணாற்றிலோ ஓர் அலுவலர் மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்து, மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் உடனே திருத்தம் செய்திருந்தாலும், அவர் காலந்தாழ்த்தியவராகவே எண்ணப்பட்டிருப்பார்.

இந்த நெருக்கடிக்கு மனிதர் விழித்திருப்பது விடையாகாது. வேர்ட்பிரஸ் மென்பொருளில் 2013 அக்டோபரில் வந்த 3.7-ஆம் பதிப்பு முதல், சிறு திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படும் ஏற்பாடு உள்ளது. அதன் பயன் 2017-இல் புலப்பட்டது. அவ்வாண்டு ஜனவரி 26-இல் 4.7.2 என்ற பதிப்பு வெளியாயிற்று. அதில் சரிசெய்யப்பட்ட மிகப் பெரிய குறையை ஏறத்தாழ ஒரு வாரம் வெளியிடாமல் காத்து, தானியங்கி முறையில் தளங்கள் திருத்தம் பெற்ற பின்னர் பிப்ரவரி 1-இல் அறிவித்தனர். அதற்குப் பின்னும், தானியங்கி ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்த தளங்களில் சில நாட்களுக்குள் பத்து லட்சத்துக்கும் அதிகமான பக்கங்கள் சிதைக்கப்பட்டன.

செலவுகள்

இவ்வளவு தெளிவான பயன் இருந்தும் புதுப்பித்தல் ஏன் தள்ளிப் போடப்படுகிறது? சோம்பல் என்று கூறிவிடுவது நியாயமாகாது. செலவு உண்மையாகவே உண்டு.

மூல மென்பொருளை மாற்றினால் பழைய பிளகின் ஒன்று இயங்காமல் நிற்கலாம். பி.எச்.பி. மொழியின் 7.4-ஆம் பதிப்புக்குரிய ஆதரவு 2022 நவம்பரில் முடிவடைந்தது. 8-ஆம் வரிசைக்கு மாறியபோது பழைய முறையில் எழுதப்பட்ட பல நிரல்கள் பிழை காட்டின. ஆகவே விவரமறிந்தவர்கள் நேரடியாகத் தளத்தில் கை வைப்பதில்லை. மாற்றுப்பிரதி எடுத்து, வேறோரிடத்தில் சோதனைத் தளம் அமைத்து, அதில் ஒவ்வொரு படிவத்தையும் நிரப்பிப் பார்த்த பின்னரே மாற்றுகின்றனர். மென்பொருளுக்கு விலை இல்லையாயினும் இந்த உழைப்புக்கு விலை உண்டு. மாதத்துக்கு இரண்டு மணி நேரம் எனக் கொண்டால் ஆண்டுக்கு 24 மணி நேரம் ஆகிறது. தளத்தை அமைப்பதற்கு நிதி ஒதுக்கும் அலுவலகங்களுள் பல, இந்த 24 மணி நேரத்துக்குத் தனியாக ஒரு தலைப்பு வைப்பதில்லை. குறையின் வேர் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது.

சில சமயங்களில் புதுப்பித்தல் என்பது மறுகட்டுமானமாகவே ஆகிவிடுகிறது. 2011 ஜனவரி 5-இல் வெளிவந்த துருபல் 7-க்கு 2025 ஜனவரி 5-உடன் ஆதரவு முடிந்தது. அதிலிருந்து அடுத்த வரிசைக்குச் செல்லத் தளத்தைப் பெருமளவு புதிதாகவே அமைக்க வேண்டும். சிறுகச் சிறுகச் செய்திருக்கக்கூடியதன்று இது. ஆனால் முன்னறிவிப்புடன் வந்த செலவு.

தமிழில் நடைபெறும் தளங்களுக்கு மற்றொரு செலவும் உண்டு. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழர் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், சிறுபான்மைப் பகுதி எனக் குறிக்கப்பட்ட இடங்களில் அவர்கள் அரசாங்க அலுவலகங்களுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த வழி செய்கிறது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கணினியில் ஒரு ‘பைட்’ இடத்தைக் கொள்ளும். யூனிகோடு முறையில் பரவலாக வழங்கும் யூ.டி.எஃப்.-8 அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்ளும். ‘பாலக்காடு’ என்ற சொல் புள்ளியும் துணைக்குறிகளும் உட்பட ஒன்பது குறிகளால் ஆனது. எனவே 27 பைட். பழைய தரவுத்தளங்கள் சில, ஐரோப்பிய எழுத்துகளுக்கென அமைந்த வகையில் இச்சொல்லை 27 தனி எழுத்துகளாக எண்ணிச் சேமித்திருக்கும். பழைய மென்பொருள் அதே பிழையுடன் திருப்பிக் கொடுத்ததால் திரையில் தமிழ் சரியாகவே தெரிந்தது. புதிய பதிப்பு விதிப்படி படிக்கும்போது பொருளற்ற குறிகளின் வரிசையே தோன்றும். தவறான மாற்றம் செய்து சேமித்துவிட்டாலோ கேள்விக்குறிகளே எஞ்சும். மூலத்தை மீட்க இயலாது. ஆங்கிலத் தளத்துக்கு மாற்றுப்பிரதி முன்னெச்சரிக்கை. தமிழ்த் தளத்துக்கு அது இன்றியமையாதது. மாற்றுப்பிரதி எடுத்தால் போதாது, அதனைத் திறந்து தமிழ்ப் பக்கம் ஒன்றைப் படித்துப் பார்க்கவும் வேண்டும்.

பொது ஏற்பாடு

செலவைப் பலர் பகிர்ந்துகொள்வது ஒரு வழி. 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தகவலியல் மையம் ‘எஸ்3வாஸ்’ என்ற பொது அமைப்பை உருவாக்கியுள்ளது. பாலக்காடு, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களின் தளங்கள் அதில்தான் நடைபெறுகின்றன. உள்ளடக்கம் மாவட்ட நிர்வாகத்தைச் சேர்ந்தது. மென்பொருளும் சர்வரும் மையத்தின் பொறுப்பு. ஓரிடத்தில் செய்யும் திருத்தம் எல்லா மாவட்டங்களுக்கும் ஒருங்கே சென்றடைகிறது. இதற்கும் ஒரு விலை இல்லாமலில்லை. மாவட்டம் விரும்பிய பிளகினைத் தானே சேர்த்துக்கொள்ள இயலாது. பொது அமைப்பில் பிழை நேர்ந்தால் அது பலரையும் ஒரே நேரத்தில் தொடும். எனினும் தனித்தனியே நூற்றுக்கணக்கான தளங்களைக் கவனிப்பாரின்றி விடுவதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை.

2018 ஆகஸ்டு 9-ஆம் தேதி, 26 ஆண்டுகளுக்குப் பின்னர் இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணையில் மதகு திறக்கப்பட்டது. மறுநாள் ஐந்து மதகுகளும் திறந்தன. 15-ஆம் தேதி பெரியாற்று அணையின் மதகுகளும் திறக்கப்பட்டன. அவ்வழிக் கரையில் வண்டிப்பெரியாறு முதலிய இடங்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வசிக்கின்றன. அத்தகைய வேளையில் ஒலிபெருக்கியும் வானொலியும் செய்யும் வேலையை இணையதளம் செய்துவிடாது. ஆயினும் வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ முதலில் தேடுவது மாவட்டத்தின் தளத்தையே. அந்நேரத்தில் நீர்மட்டம் குறித்த அறிவிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊடுருவியவன் எழுதிய வேறொன்று இருக்குமானால், பின்னர் வரும் உண்மையான அறிவிப்பையும் மக்கள் ஐயுறுவர். சிதைந்த பக்கத்தை ஒரு நாளில் சீர்படுத்தலாம். நம்பிக்கையைச் சீர்படுத்தும் செலவை எந்த மதிப்பீட்டிலும் எழுத முடியாது.

சட்டமும் இதில் தலையிட்டுள்ளது. இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவின்படி, தளம் சிதைக்கப்படுதல் உள்ளிட்ட சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் அக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தளத்தை யார் கவனிக்கிறார் என்பதே தெரியாத அலுவலகத்தில் ஆறு மணி நேரம் அதைக் கண்டறிவதிலேயே கழிந்துவிடும்.

சிறிய தளங்கள்

பொது அமைப்பில் இடம் பெறாத சிறு தளங்களே கவலைக்குரியவை. எல்லைப் பகுதியிலுள்ள ஒரு தமிழ்ப் பள்ளியோ, நூலகமோ, பால் கூட்டுறவுச் சங்கமோ நடத்தும் தளம் ஆண்டுக்கு இருமுறைதான் மாறும். முகவரி, தொலைபேசி எண், விழா அறிவிப்பு இவ்வளவே அதில் இருக்கும். இதற்கு உள்ளடக்க நிர்வாக மென்பொருளே தேவையில்லை. பழைய முறையில் எழுதிய நிலையான எச்.டி.எம்.எல். பக்கங்கள் ஐந்து போதும். அவற்றில் தரவுத்தளம் இல்லை, பிளகின் இல்லை. சர்வரைக் கவனித்துக்கொள்வது இட வாடகை பெறும் நிறுவனத்தின் பொறுப்பு. புதுப்பித்தலைக் குறைந்த செலவில் முடிக்க விரும்புவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, புதுப்பிக்க வேண்டிய பொருள் எத்தனை என்பதே. மென்பொருள் தேவைப்படும் இடத்திலும் பயன்படாத பிளகின்களை நீக்கி, தானியங்கித் திருத்தத்தை இயக்கி வைத்தால் வேலை பாதியாகக் குறையும். நிறுத்தி மட்டும் வைத்த பிளகின் சர்வரில் தங்கியே இருக்கும், அழித்துவிடுவதே முறை.

பிறகு எஞ்சுவது பொறுப்பு மாற்றம். தளத்தை அமைத்த ஆசிரியரோ எழுத்தரோ இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அலமாரிச் சாவி, இருப்புப் பதிவேடு, முத்திரை ஆகியவை கையொப்பத்துடன் ஒப்படைக்கப்படுகின்றன. தளத்தின் கடவுச்சொல், தளப்பெயரைப் பதிவு செய்த கணக்கு, மாற்றுப்பிரதி இருக்கும் இடம் ஆகிய மூன்றும் அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. புதிய பதிப்பு வந்துள்ளது என்ற மின்னஞ்சல் அத்தகைய தளங்களிலிருந்து சென்றவரின் முகவரிக்கே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.