எந்த நொடியும் பிரபஞ்சம் அழிந்துவிடுமா?

கேள்வி: நான் இயற்பியல் இளங்கலை முதலாண்டு மாணவன். நாம் இருக்கும் வெற்றிடமே நிலையற்றது, எந்த நொடியும் அது சிதைந்து பிரபஞ்சமே அழியலாம், இழைக் கோட்பாடு இதை நிரூபித்துவிட்டது என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் எதற்குப் படிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். இது உண்மையா ஐயா?
- எம். ஜே., குளச்சல்

பதில்: தம்பி, பயப்பட ஒன்றுமில்லை. அதற்காக, நீங்கள் கேட்டது முழுக்கக் கட்டுக்கதை என்றும் சொல்ல மாட்டேன். விஷயத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். அதன் அளவுதான் பிடிபடவில்லை.

இயற்பியலில் வெற்றிடம் என்பது ஒன்றுமே இல்லாத இடம் அல்ல. புலங்கள் எல்லாம் ஆற்றல் குறைந்த ஒரு நிலையில் அடங்கிக் கிடப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதைவிடத் தாழ்ந்த நிலை ஒன்று இருந்துவிட்டால், நம்முடையது போலி வெற்றிடம் (நிரந்தரம்போலத் தோன்றும் இடைநிலை) ஆகிவிடும். மலைமேல் பாறைச் சுனையில் நீர் தேங்கி நிற்பதுபோல. கீழே பள்ளம் இருக்கிறது, பாறை விளிம்பு தடுக்கிறது. ஆனால் குவாண்டம் விதிப்படி, விளிம்பில் ஏறாமலே அதை ஊடுருவிப் போக மிகச் சிறிய வாய்ப்பு உண்டு. இதைக் குவாண்டம் ஊடுருவல் (தடையைத் தாண்டாமல் கடப்பது) என்பார்கள். எங்காவது அது நடந்தால் அந்தத் தாழ்ந்த நிலையில் ஒரு குமிழி உண்டாகி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் விரியும். சிட்னி கோல்மன் 1977இல் இதைக் கணக்கிட்டார். 1980இல் ஃபிராங்க் டி லூச்சியாவுடன் சேர்ந்து ஈர்ப்பு விசையையும் கணக்கில் கொண்டுவந்தார்.

2012இல் ஹிக்ஸ் துகள் கிடைத்ததும் பேச்சு சூடுபிடித்தது. அதன் நிறை சுமார் 125 ஜிஇவி (துகள் நிறையின் அலகு), டாப் குவார்க்கின் நிறை சுமார் 173 ஜிஇவி. இரண்டையும் சமன்பாட்டில் போட்டால் நம் வெற்றிடம் நிலைத்தன்மையின் எல்லைக்குச் சற்று அப்பால், போலி வெற்றிடத்தின் பக்கம் போய் நிற்கிறது. அதுவும், இனிப் புதிய துகளோ விசையோ எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால்தான். காணொளிக்காரர்கள் இந்த ‘வைத்துக்கொண்டால்’ பக்கமே போவதில்லை.

இழைக் கோட்பாடு (துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வாகப் பார்க்கும் கோட்பாடு) எதையும் நிரூபிக்கவில்லை. இயற்பியலாளர்கள் கச்ரு, கல்லோஷ், லிண்டே ஆகியோரும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் சந்தீப் திரிவேதியும் 2003இல் அதைக் கொண்டு அமைத்துக் காட்டிய மாதிரியில், நம்முடையதைப் போன்ற வெற்றிடம் நெடுங்காலம் நின்று பிறகு சிதையக்கூடியது. 2018இல் கும்ருன் வாஃபாவும் உடன் ஆய்வாளர்களும், அப்படியொரு வெற்றிடத்துக்கே இக்கோட்பாட்டில் இடமில்லாமல் போகலாம் என்றார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

இனி, உங்களைத் தூங்கவிடாத அந்த ‘எந்த நொடியும்’. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். தோரிய அணு ஆல்பாத் துகளை உமிழ்ந்து சிதைவதும் இதே ஊடுருவலால்தான். அங்குள்ள எந்த அணுவும் எந்த நொடியும் சிதையலாம். ஆனால் அதன் அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) சுமார் 1,400 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். ஆகவே ஓர் அணுவைத் தேர்ந்தெடுத்து உங்கள் ஆயுள் முழுக்கக் காவல் இருந்தாலும், அது அப்படியே இருக்கும் என்று தயங்காமல் பந்தயம் கட்டலாம். வெற்றிடத்தின் கணக்கு இதைவிடப் பல மடங்கு பெரியது. 2018இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வாளர்களின் கணக்கில், அதன் ஆயுள் குறைந்தது 1க்குப் பின்னால் 58 சுழியம் போட்ட ஆண்டுகள். அதைச் சொல்வது 95 விழுக்காடு உறுதியோடு.

துகள் மோதுவிப்பான் எதையாவது தூண்டிவிடுமோ என்று அடுத்துக் கேட்பீர்கள். பீட் ஹட், மார்ட்டின் ரீஸ் இருவரும் 1983இலேயே பதில் சொல்லிவிட்டார்கள்: விண்வெளிக் கதிர்கள் இதைவிடப் பலமாகக் காலங்காலமாக மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு துகள் காற்றில் மோதிய ஆற்றல், ஜெனீவா மோதுவிப்பானில் நடப்பதைப்போல ஐம்பது மடங்குக்கும் மேல்.

இப்போதைக்கு இரவில் அந்தக் காணொளிகள் வேண்டாம். அணுக்கரு இயற்பியல் பாடத்தில் ஆல்பாச் சிதைவை விளக்கும் 1928ஆம் ஆண்டின் காமோவ் கோட்பாடு வரும். அதைக் கொண்டு தோரியத்தின் அரை ஆயுளை நீங்களே தாளில் போட்டுப் பாருங்கள். முதல் முறை விடை எக்கச்சக்கமாகத் தப்பும். அணுக்கருவின் ஆரத்தைச் சற்று மாற்றினாலே எண் எங்கோ ஓடிவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வெற்றிடத்தைப் பற்றியெல்லாம் அவரிடம் விளக்க வேண்டாம். தூக்கம் வரவில்லை என்றாலே போதும்.