இராக்கொக்கு

மங்கலம்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு புளியமரம் உண்டு. பொழுது சாய்ந்ததும் அதன் உச்சியிலிருந்து "குவாக்" என்றொரு கரகரத்த குரல் எழும். கெட்ட சகுனம் என்பார் என் பாட்டி. அது வக்கா எனப்படும் இராக்கொக்கின் குரல் என்பதை விலங்கியல் வகுப்பிற்கு வந்த பின்னரே அறிந்தேன். 'நிக்டிகோராக்ஸ்' என்னும் அதன் அறிவியற் பெயருக்கும் இரவுக் காக்கை என்றே பொருள்.

பகலில் அண்ணாந்து பார்த்தால், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கூனி உட்கார்ந்திருக்கும். நீளம் சுமார் 60 செ.மீ. உச்சந்தலையும் முதுகும் பளபளக்கும் கருமை, இறக்கை சாம்பல், அடிப்புறம் வெண்மை. பிடரியிலிருந்து இரண்டு மூன்று நீண்ட வெள்ளிறகுகள் தொங்கும். கண் இரத்தச் சிவப்பு. அதே கிளையில் பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்ட பறவைகளையும் கண்டேன். வேறோர் இனம் என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். ஆசிரியர் சிரித்துக்கொண்டே திருத்தினார். அவை இளம் பறவைகளாம்! பெரியவற்றின் நிறம் முழுதும் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகுமாம்.

மற்றக் கொக்குகள் அடையத் திரும்பும் வேளையில் இவை புறப்படும். நீரோரம் அசையாது நின்று மீன், தவளை, பூச்சிகளைப் பிடிக்கும். குஞ்சுகளுக்கு ஊட்டும் காலத்தில் மட்டும் பகலிலும் இரை தேடுவதுண்டு. வேடந்தாங்கலில் கூடுகட்டும் பறவைகளுள் இவையும் அடங்கும்.

எச்சம் நாறுகிறதென்று சென்ற கோடையில் மரத்தை வெட்டப் பேச்சு எழுந்தது. இரவெல்லாம் இரை தேடும் பறவை பகலில் எங்கே போய் உறங்கும்? நான் சொல்லி யார் கேட்டார்கள்! பாட்டிதான் குறுக்கே நின்றார், பறவைக்காக அல்ல, புளிக்காக. நேற்று மாலை எண்ணினேன்; 17 பறவைகள் புறப்பட்டன.