மாமாவிடம் கணக்குக் கேட்பது எப்படி?

நம் ஞாயிறு வகுப்பில் உத்தியோக பர்வம் படித்தபோது, கிருஷ்ணர் தூது போய் ஐந்து கிராமமாவது கொடுங்கள் என்று கேட்கும் இடத்தில் எனக்குப் பாடம் ஓடவில்லை. எங்கள் வீட்டிலும் அப்போது அதே பேச்சுதான்.

பாண்டு போனபின் ராஜ்யம் திருதராஷ்டிரன் கையில் இருந்தது. தம்பி பிள்ளைகளுக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டியவர், நாளாக ஆக அதைத் தன் மகனுடையது என்றே நினைத்துவிட்டார். இன்றைய சட்டத்தில் இப்படிப் பொறுப்பில் இருப்பவரை உயில் நிறைவேற்றுநர் என்பார்கள். வீட்டில் நாம் எக்ஸிக்யூட்டர் என்றே சொல்கிறோம்.

உட்லண்ட்ஸில் இருந்த நாலறை வீட்டை விற்று மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று தாத்தா உயில் எழுதியிருந்தார். எக்ஸிக்யூட்டர் பெரிய மாமா. வீடு விற்றாயிற்று. மூன்றாம் வருஷம் ஆகியும் பணம் வரவில்லை. கேட்டால், "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். அம்மா வாயடைத்துப் போவார். "கூடப் பொறந்த அண்ணன்கிட்ட எப்படிடா கணக்குக் கேக்குறது?"

நான் படிப்பது மெக்கானிக்கல். சட்டம் தெரியாது. சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த லாயர் முதலில் கேட்டது, "அவர் புரொபேட் வாங்கிட்டாரா?" புரொபேட் என்பது, இந்த உயில்படி நடத்த இவருக்கு அதிகாரம் உண்டு என்று நீதிமன்றம் தரும் ஆணை. அதற்கு மனுப் போடும்போது, இறந்தவரின் சொத்து, கடன் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுச் சத்தியக் கடுதாசியோடு கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் நமக்கு ஆரம்பப் புள்ளி.

இறந்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரை, பிரித்துக் கொடுக்கச் சொல்லி எக்ஸிக்யூட்டரைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன், வரி, ஈமச்செலவு எல்லாம் தீர்க்க அவருக்கு அவகாசம் வேண்டுமே. அதற்குப் பிறகும் இழுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும். கணக்குக் கேட்பது பங்குதாரரின் உரிமை, அவமரியாதை இல்லை. லாயர் இதைச் சொன்னபோதுதான் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரு விஷயத்தில் நாங்களும் தப்புப் பண்ணினோம். தாத்தாவின் சிபிஎஃப் பணத்தையும் மாமா முழுங்கிவிட்டார் என்று நினைத்திருந்தோம். சிபிஎஃப் உயிலுக்குள் வரவே வராது. யார் பெயருக்கு நியமனம் செய்திருக்கிறதோ அவருக்குப் போகும், நியமனம் இல்லையென்றால் பொது அறங்காவலர் அலுவலகம் வழியாகப் பிரிக்கப்படும். தாத்தா சித்தி பெயரை எழுதியிருந்தார், சித்தி யாரிடமும் சொல்லவில்லை. மாமாமேல் ஒரு வருஷம் வீண்பழி. கூட்டு உரிமையில் உள்ள வீடும் இப்படித்தான், உயிரோடு இருக்கும் மற்றவருக்குப் போய்விடும், உயில் அதைத் தொடாது.

"கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு எதுக்குப் பங்கு?" என்று ஒரு உறவுக்காரர் நடுவில் புகுந்தார். தாத்தா உயிலிலேயே சமம் என்றிருக்கிறது. உயில் இல்லாமல் போனாலும் சிங்கப்பூர்ச் சட்டத்தில் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண், பெண் என்ற வித்தியாசம் கிடையாது. முஸ்லிம்களுக்குத்தான் தனிச் சட்டம்.

பொறுப்பில் இருப்பவர் கணக்கு மறப்பது குடும்பத்தில் மட்டும் நடப்பதில்லை. இந்த ஊரில் கோயில் சொத்து, பள்ளிவாசல் சொத்துகளின் நிர்வாகம் சரியில்லை என்று புகார் வந்துதான் 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்று காலனி அரசு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி அமைந்த வாரியத்தின் கைக்கு சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் போனது. பிறகு 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்ததுதான் இன்றைய இந்து அறக்கட்டளை வாரியம். அம்மன் சொத்துக்கே கணக்குக் கேட்டிருக்கிறார்கள்!

அம்மா மாமாவுக்குக் கடிதம் எழுதினார். திட்டு ஒன்றும் இல்லை. வீடு என்ன விலை போனது, என்னென்ன கழிந்தது, மீதி எந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது, பதினான்கு நாளில் சொல்லுங்கள் அண்ணா, அவ்வளவுதான். பதில் இல்லை. அடுத்தது லாயர் நோட்டீஸ். கணக்குக் காட்டச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், தகுந்த காரணம் இருந்தால் புரொபேட்டை ரத்து செய்து வேறு ஆளைப் போடலாம், நஷ்டத்தை அவர் சொந்தப் பணத்திலிருந்து ஈடுகட்டச் சொல்லலாம் என்று அதில் இருந்தது.

மாமா ஒரு பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளோடு வந்தார். வியாபாரம் தள்ளாடியபோது அந்தப் பணத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். "திருப்பி வைக்கத்தான் நெனச்சேன்" என்று அழுதார். நான் நம்புகிறேன். ஆனால் பிறர் பணத்தைத் தன் பணத்தோடு கலந்ததுமே பொறுப்பை மீறியாயிற்று, எண்ணம் எப்படி இருந்தாலும். வழக்குக்குப் போனால் இருக்கிற கொஞ்சமும் செலவாகும் என்பதால், லாயர் முன்னால் தவணை ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். இதுவரை ஏழு தவணை வந்திருக்கிறது. தீபாவளிக்கு மாமா வரவில்லை, அம்மா முறுக்கு மட்டும் என்னிடம் கொடுத்தனுப்பினார்.

அடுத்த வகுப்புக்கு வருமுன் வீட்டில் மூன்று கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். உயில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது? எக்ஸிக்யூட்டர் யார், அவருக்கே அது தெரியுமா? சிபிஎஃப் நியமனம் யார் பெயரில்? பதிலை வகுப்பில் சொல்ல வேண்டாம்.