மிரட்டும் லோகோ: மண்டையோடா, நகமா, எழுத்தா?

உடற்பயிற்சிக் கூடம், பைக் உதிரிபாகக் கடை, வீடியோ கேம் நிறுவனம், மெட்டல் இசைக்குழு, காவல் பணி நிறுவனம், கரப்பான் மருந்து என்று பல தொழில்களில் இன்று இருண்ட, மிரட்டும் தோற்றமுள்ள லோகோவைக் கேட்கிறார்கள். மண்டையோடு போடலாமா, பாம்பு போடலாமா என்பதிலிருந்தே பெரும்பாலும் பேச்சு தொடங்குகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த லோகோவைப் பார்த்து யார் பயப்பட வேண்டும்? புது வீட்டின் முகப்பில் நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மை தெருவைப் பார்த்துத்தான் விழிக்கிறது. வீட்டுக்காரருக்கு அது காவல். மிரட்டும் லோகோவுக்கும் அதே இலக்கணம்தான். வாடிக்கையாளர் அதன் பின்னால் நிற்க வேண்டும். சோம்பலோ, போட்டியாளரோ, திருடனோ, கொசுவோ, அவருடைய எதிரிதான் அதன் எதிரில் நிற்க வேண்டும். கைவசம் உள்ள நான்கு வழிகளையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

அளப்பதற்கு முன், அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மோஷே பார், மைட்டல் நெட்டா ஆகிய இரு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாடப் பொருள்களின் வளைந்த வடிவங்களை மக்கள் அதிகம் விரும்பினார்கள். கூர்முனை கொண்ட வடிவங்களை அவ்வளவாக விரும்பவில்லை. கூர்முனைகளைப் பார்க்கும்போது, அச்சத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி கூடுதலாகச் செயல்படுவதை அவர்களின் அடுத்த ஆய்வு 2007-இல் காட்டியது. நிறத்தைப் பற்றி மார்க் ஃபிராங்க், தாமஸ் கிலோவிச் இருவரும் 1988-இல் செய்த ஆய்வு புகழ்பெற்றது. ஒரே மாதிரியான ஆட்டத்தை வெள்ளைச் சீருடையிலும் கறுப்புச் சீருடையிலும் படம்பிடித்துக் காட்டியபோது, பார்த்தவர்கள் கறுப்பில் ஆடியவர்களையே கூடுதல் முரடர்களாக மதிப்பிட்டார்கள். கறுப்பு அணிந்தால் ஆட்டக்காரர்களே முரடாகிறார்களா என்பதில் பின்னாளில் வேறு முடிவுகளும் வந்தன. ஆனால் லோகோ வரைபவருக்கு முக்கியமானது பார்ப்பவரின் கண்தான். உள்ள முரட்டுத்தனத்தைக் கறுப்பு பெரிதாக்கிக் காட்டுகிறது; அந்த முரட்டுத்தனத்துக்கு விதை கூர்மையான வடிவம். எனவே, எலும்பும் ரத்தமும் வரையாமலே ஒரு லோகோவால் மிரட்ட முடியும்.

முதல் வழி மண்டையோடு. எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆபத்து அதிகமுள்ளதும் இதுதான். காரணம், நம் ஊரில் மண்டையோட்டுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. மின்மாற்றிக் கம்பத்தில் ‘அபாயம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதுதான் நிற்கிறது. கடும் நஞ்சுள்ள பூச்சிக்கொல்லிப் புட்டியின் சிவப்பு அடையாளத்திலும் அதுதான் இருக்கிறது. இரண்டு இடத்திலும் அது சொல்வது, ‘தொட்டால் நீ சாவாய்’ என்பதையே. அதாவது, அது பொருளைக் கையில் எடுப்பவரை நோக்கித் திரும்பி நிற்கிறது. உண்ணும் பொருளுக்கும் மருந்துக்கும் குழந்தைகள் எடுக்கக்கூடிய எதற்கும் இது ஆகாது. இசைக்குழுவின் கதை வேறு. மிஸ்ஃபிட்ஸ் குழு, 1946-இல் வந்த ‘தி கிரிம்சன் கோஸ்ட்’ என்ற தொடர்படத்தின் மண்டையோட்டு முகத்தை எடுத்துத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அதைச் சட்டையில் அணியும் ரசிகர், ‘நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்’ என்று வெளியுலகுக்குச் சொல்கிறார். அங்கே மண்டையோடு அவர் பக்கம் நிற்கிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அமெரிக்காவில் லிக்விட் டெத் என்ற நிறுவனம் வெறும் தண்ணீரை டின்னில் அடைத்து, மேலே உருகும் மண்டையோட்டைப் போட்டு விற்கிறது. 2024-இல் அதன் மதிப்பு 140 கோடி டாலராகக் கணிக்கப்பட்டது. உண்மைதான். ஆனால் அந்த லோகோ அங்கே ஏன் எடுபட்டது என்று பார்க்க வேண்டும். தாகத்தைக் கொல் என்பதே அவர்களுடைய முழக்கம். மண்டையோடு மிரட்டுவது தாகத்தை. உள்ளே இருப்பது தண்ணீர் என்பது வாங்குபவருக்கு முன்பே தெரியும். அந்த முழக்கத்தையும் விளம்பரத்தையும் ஓயாமல் முன்னிறுத்தப் பணமில்லாத சிறு நிறுவனம் அதே மண்டையோட்டைப் போட்டால், கடை அலமாரியில் அது நச்சுப் புட்டியாகத்தான் தெரியும்.

இரண்டாவது வழி விலங்கு: நகம், பல், பாம்பு, வௌவால். என் கணிப்பில் மண்டையோட்டைவிட இது நம்பகமானது. மண்டையோடு இறந்த பிறகு மிஞ்சுவது; விலங்கு உயிரோடு பாய்வது. அதன் பலத்தை வாங்குபவர் தனதாக்கிக்கொள்ள முடியும். 2002-இல் வந்த மான்ஸ்டர் எனர்ஜி பானத்தின் டின்னில் விலங்கே இல்லை. மூன்று நகக் கீறல்கள் மட்டும் ஆங்கில எம் எழுத்தாக நிற்கின்றன. எந்த விலங்கு, எவ்வளவு பெரியது என்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்கிறார். மிலான் நகரில் 1910-இல் தொடங்கிய ஆல்ஃபா ரோமியோ காரின் சின்னத்தில் பாம்பின் வாயில் ஒரு மனிதன் இருக்கிறான். நகரின் பழைய விஸ்கோந்தி குலத்தின் சின்னம் அது. வேர் இருப்பதால் அந்தக் கொடூரமும் மிடுக்காகத் தெரிகிறது. வேரில்லாமல் இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் உறுமும் ஓநாய்த் தலையைப் போடுவதில் பயனில்லை. அதே தலை நூறு உடற்பயிற்சிக் கூடங்களின் சுவரில் இருக்கும். நம் சூழலில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. காளியையோ கருப்பசாமியையோ வணிகச் சின்னமாக்கும் ஆசை பலருக்கு வருகிறது. மத உணர்வைப் புண்படுத்தக்கூடிய சின்னத்துக்கு 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம் பதிவை மறுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஒருவர் கும்பிடும் காவல் தெய்வத்தை இன்னொருவர் புரோட்டீன் டப்பாவில் அச்சிடுவது முறையும் அல்ல.

மூன்றாவது வழி எழுத்து. மெட்டாலிக்கா குழுவின் பெயரில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் ஈட்டிபோல் நீள்கின்றன. நடுவிலுள்ளவை எளிதாகப் படிக்கக்கூடியவை. மிரட்டல் இரண்டு முனைகளில் மட்டும் இருக்கிறது, பெயரும் தெளிவாக இருக்கிறது. இதற்கு நேர் எதிர், முள்ளும் வேரும் பின்னிக் கிடக்கும் பிளாக் மெட்டல் குழுக்களின் பெயர்கள். அவற்றைத் தெரிந்தவர் மட்டுமே படிக்க முடியும். ரகசியக் கூட்டத்துக்கு அது பொருந்தும், கடைப் பெயருக்குப் பொருந்தாது. பழைய ஜெர்மானிய அச்செழுத்தும் அப்படியே மிரட்டிவிடாது. நியூயார்க் டைம்ஸ் தலைப்பில் அது மரியாதை, கொரோனா பீர் புட்டியில் அது பழமை. பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதே அதன் பொருளைத் தீர்மானிக்கிறது. வரலாற்றின் நிழலையும் பார்க்க வேண்டும். கிஸ் குழுவின் பெயரில் இருந்த இரட்டை மின்னல் எழுத்துகள் நாஜிப் படையின் சின்னத்தை ஒத்திருந்ததால், ஜெர்மனிக்கென்று அந்த லோகோவை மாற்ற வேண்டியிருந்தது.

தமிழில் எழுத்தைக் கூர்மையாக்குவது தனிக் கலை. ட, ப, ம போன்றவை நேர்கோட்டுக்கு எளிதில் இணங்கும். ண, ள, இ போன்றவை சுழிகளால் ஆனவை. சுழியை உடைத்து முள்ளாக்கினால் ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று தெரியாமல் போகும். சுழியை அப்படியே விட்டு, கோடு முடியும் முனைகளை மட்டும் சரிவாக வெட்டுங்கள். ஏதாவது ஒரு காலைக் கீழே நீட்டுங்கள். புள்ளியை ரத்தத் துளியாக்குவது திரைப்படச் சுவரொட்டிகளில் தேய்ந்துபோன உத்தி. அந்தத் துளி சிறிய அளவில் மறைந்துவிட்டால் ‘கொல்’ என்பது ‘கொல’ ஆகிவிடும்.

நான்காவது வழி உருவமே இல்லாத வடிவம்: கூர்கோணம், கத்தி வெட்டுப் போன்ற இடைவெளி, கறுப்புப் பரப்பு. பெரும்பாலான தொழில்களுக்கு நான் பரிந்துரைப்பது இதையே. மேலே சொன்ன ஆய்வுகளின்படி அச்சத்துக்கு வேண்டிய இரண்டும், கூர்மையும் கறுப்பும், இதில் இருக்கின்றன. வேறொருவர் ஏற்றிவைத்த பொருள் எதுவும் இல்லை. வாட்ஸ்அப்பின் சிறு வட்டத்திலும் பனியன் தையலிலும் இது சிதையாது. எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒற்றை நிறத்தில், கட்டைவிரல் நக அளவில் அச்சிட்டுப் பாருங்கள். கறுப்புப் பரப்பின் நடுவே விட்ட மெல்லிய வெள்ளைக் கோடு மையில் அடைபடும். கறுப்பு லோகோ கைப்பேசியின் இருள் திரையில் காணாமல் போகும். அதற்கென்று வெள்ளை வடிவம் ஒன்றும் தயாராக இருக்க வேண்டும்.

கறுப்பு அமங்கலம், தமிழ்நாட்டில் எடுபடாது என்று சொல்பவர்கள் உண்டு. கல்யாணப் பட்டுக்கு அது சரி. ஆனால் சபரிமலை மாலை போட்டவர் உடுத்துவதும் கறுப்பு, பெரியார் தொண்டர் அணிவதும் கறுப்புச் சட்டை. விரதத்துக்கும் எதிர்ப்புக்கும் இந்த மண் ஏற்றுக்கொண்ட நிறம் அது. மக்கள் வளைவைத்தானே விரும்புகிறார்கள், கூர்மை வாடிக்கையாளரை விரட்டாதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. விரட்டும், சிலரை. எல்லோருக்கும் விற்க வேண்டிய பால், பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு எந்த மிரட்டலும் வேண்டாம். சிலரை இழந்தாலும் மற்றவர்களை இறுகப் பிடித்துக்கொள்வதால் வாழும் தொழிலுக்கு மட்டுமே இந்த விலை கட்டுப்படியாகும்.

ஆகவே முடிவு இது: ரசிகர் கூட்டம் உள்ள இசைக்கும் விளையாட்டுக்கும் மண்டையோடு; பலத்தை விற்பவருக்குச் சொந்த வேருள்ள விலங்கு; பெயரே வலுவாக உள்ளவருக்கு ஒன்றிரண்டு முனை மட்டும் கூரான எழுத்து; மற்ற எல்லோருக்கும் கூர்வடிவம். இவற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள். வரைந்து முடித்ததும், உங்கள் பொருளை வாங்கக்கூடிய ஒருவரிடம் காட்டி, இது யாரை மிரட்டுகிறது என்று கேளுங்கள். ‘என்னை’ என்று அவர் சொன்னால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த லோகோவைக் கைவிடுங்கள்.